பதின்மூன்று வயதுக்கு எத்தனை குதிரைவலு?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

மலைநாட்டில் இருந்துகொண்டு மோட்டார் படகைப் பற்றி எழுதுகிறார்களே என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நம்மைச் சுற்றி இருப்பதெல்லாம் தண்ணீர்தான். நுவரெலியாவில் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் உருவாக்கிய வாவி. 1965இல் காசல்ரீ. 1969இல் மவுசாக்கலை, பழைய மஸ்கெலியா நகரமே அதன் அடியில்தான் கிடக்கிறது. இந்தப் பக்கம் தேயிலை மலையில் ஏறி நின்றால் எங்காவது ஒரு மூலையில் தண்ணீர் தெரியும். ஆனால் வகுப்பில் "நீந்தத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டால், தூக்கிய கைகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

நாங்கள் கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். பிறந்த ஊர் கிண்ணியா. வேலையும் வீடும் பல வருடமாக நோர்வூட் பக்கம். மகனுக்குப் பதின்மூன்று வயது, தரம் எட்டு. கிரகரி வாவியில் ஜெட் ஸ்கீ சீறிப் போவதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே கனவு, சொந்தமாக ஒரு இயந்திரப் படகு. இது எங்கள் காதோடு நின்றிருந்தால் பேசிச் சமாளித்திருப்போம். அவன் நேரே கிண்ணியாவுக்கு ஃபோன் எடுத்து மூத்தவாப்பாவிடம் சொல்லிவிட்டான்.

மூத்தவாப்பா ஆயுள் முழுக்கத் தொழிலுக்குப் போனவர். இப்போது முழங்கால் நோவால் போவதில்லை. அவருடைய பதினெட்டடி ஃபைபர் படகும் பதினைந்து குதிரைவலு இஞ்சினும் சும்மா கிடக்கின்றன. "அது பேரனுக்குத்தான்" என்று முடிவே செய்துவிட்டார். நாங்கள் தயங்கியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எட்டு வயசுல தோணி வலிச்சவன். ஒங்கட மகனுக்குப் பதிமூணு ஆயிட்டு. அல்லாஹ் காப்பான், என்ன பயம் ஒங்களுக்கு?"

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்ற ஹதீஸை அவருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பயத்துக்கும் காரணம் இருந்தது. 2021 நவம்பர் 23ஆம் தேதி காலையில் குறிஞ்சாக்கேணியில் பிள்ளைகளை ஏற்றிப் போன மிதவைப் பாதை கவிழ்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாலம் கட்டி முடியாததால் தினமும் அதில் கடந்தவர்கள் அவர்கள். பாடசாலைச் சீருடையோடு போன பிள்ளைகள் ஜனாஸாவாக வீடு திரும்பினார்கள். அது எங்கள் ஊர். அந்தச் செய்தி வந்த நேரத்தில் நாங்கள் இங்கே வகுப்பறையில் நின்றுகொண்டிருந்தோம். அந்த நாளுக்குப் பிறகு பிள்ளை, தண்ணீர், படகு என்ற மூன்று சொற்களை ஒன்றாகக் கேட்டாலே வயிறு கலங்கும்.

அதற்காக மகனைத் தண்ணீர்ப் பக்கமே விடக்கூடாது என்று நாங்கள் முடிவெடுக்கவில்லை. தடுத்து வைத்த பிள்ளை ஒருநாள் கூட்டாளிகளோடு ஒளித்துப் போவான். அப்போது அவனுக்கு நீச்சலும் தெரியாது, படகும் தெரியாது. ஆகவே, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் படகு எப்படி இருக்க வேண்டும் என்று முறையாகத் தேடத் தொடங்கினோம். வாசித்தோம், கரையில் போய்க் கதைத்தோம். கடைசியில் ஒரு கேள்விக்கு வந்து சேர்ந்தோம்: இஞ்சின் நின்றுவிட்டால் இந்தப் படகை இந்தப் பிள்ளை தனியாகத் துடுப்புப் போட்டுக் கரை சேர்ப்பானா?

பதினெட்டடிப் படகு முதல் தோற்றது அங்கேதான். அதைக் கரையில் இழுக்கவே நாலு ஆள் வேண்டும். பதினைந்து குதிரைவலு இஞ்சின் கிட்டத்தட்ட நாற்பது கிலோ. பிள்ளையால் கழற்றவும் முடியாது, தூக்கவும் முடியாது. காற்று எதிர்த்தால் துடுப்புப் போட்டு அசைக்கவும் முடியாது. இஞ்சின் ஓடும்வரைதான் அவன் தலைவன். நின்ற நிமிடத்திலிருந்து அவன் பயணி.

பிற நாடுகளில் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். கனடாவில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை, பெரியவர் கூட இல்லாமல் 10 குதிரைவலுவுக்கு மேல் ஓட்டக்கூடாது. 12 முதல் 16 வயதுக்குள் 40 வரை போகலாம். அயர்லாந்தில் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எல்லை 5 குதிரைவலு. சட்டம் அனுமதிக்கிற உச்சம் அது. முதல் படகுக்கு அந்த உச்சம்வரை போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பதினோரு அடி நீளமுள்ள, அகலமான அடிப்பாகம் கொண்ட, ஆள் எழுந்து நின்றாலும் சட்டென்று சரியாத ஒரு சிறிய ஃபைபர் படகு. இரண்டாம் கை. துடுப்பு மாட்டும் வளையம் இரண்டு பக்கமும் உண்டு. இஞ்சின் இரண்டரைக் குதிரைவலு, நாலு ஸ்ட்ரோக், எடை பதினைந்து கிலோ அளவு. மகனே தூக்கி மாட்டுவான். இந்த நீளப் படகு இந்த இஞ்சினில் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் அளவில்தான் போகும். சைக்கிளை ஆறுதலாக மிதிக்கிற வேகம். "இவ்வளவுதானா?" என்று மகன் முகத்தைத் தொங்கப் போட்டான். ஆம், இவ்வளவுதான். வேகம் குறைந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். பழகுகிறவனுக்கு அந்த நேரம்தான் தேவை.

ஹட்டன், நுவரெலியா நண்பர்களுக்கு ஒரு விசயம். உயரம் கூடக் கூட இஞ்சினின் வலு குறையும். ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று வீதம் என்பது கணக்கு. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஆறில் ஒரு பங்கு வலு போய்விடும். "அப்படியானால் பெரிய இஞ்சின் போடுங்கள்" என்று விற்பவர் சொல்வார். பிள்ளைக்கு அது தேவையில்லை.

படகு வாங்கும்போது செய்ய வேண்டிய ஒரு சோதனையை மூத்தவாப்பாதான் காட்டித் தந்தார். (கோபம் பாதி ஆறியிருந்தது.) முழங்கால் ஆழத்தில் படகை வைத்து, விளிம்புவரை தண்ணீரை நிரப்புங்கள். நல்ல படகு தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும். உள்ளே ஆள் உட்கார்ந்தாலும் தாங்கும். இருக்கைக்குக் கீழே நுரை அடைத்திருப்பார்கள், அல்லது காற்று அறை இருக்கும். நாங்கள் முதலில் பார்த்த படகு பெயின்ட் மின்ன நின்றது. தண்ணீர் ஊற்றியதும் பின்பக்கம் அப்படியே அமிழ்ந்துவிட்டது. காற்று அறையில் வெடிப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு அவசரமாகக் கட்டிக் கொடுத்த ஃபைபர் படகுகளிலும் தரமில்லாதவை கலந்திருந்தன. பெயின்டை நம்பி வாங்காதீர்கள்.

அடுத்தது, இஞ்சினை நிறுத்தும் கயிறு. சிவப்பு நிறத்தில் சுருள் சுருளாக இருக்கும். ஒரு நுனி இஞ்சினில், மறு நுனி ஓட்டுபவரின் கையிலோ காலிலோ. ஆள் விழுந்தால் கயிறு கழன்று இஞ்சின் நின்றுவிடும். இது இல்லாவிட்டால், ஆளில்லாத படகு வட்டம் போட்டுத் திரும்பி விழுந்தவர் மேலேயே வரும், புரொப்பெலர் வெட்டும். நிறையப் பேர் இந்தக் கயிற்றை இஞ்சினிலேயே சுற்றி வைத்திருப்பார்கள். கயிறு கட்டாமல் இஞ்சினைத் தொட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது. இது எங்கள் வீட்டுச் சட்டம். மகனுக்கு மட்டுமல்ல, மூத்தவாப்பாவுக்கும்தான்.

உயிர்காப்பு அங்கி பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். "வளர்கிற பிள்ளைதானே" என்று சட்டை வாங்குவதுபோல் பெரிதாக வாங்கக் கூடாது. போட்டுப் பட்டியை இறுக்கியபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேலே ஏறினால் அது அவனுக்குரியது அல்ல. எரிபொருளை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் தொடக்கூடாத பங்கு.

படகை எங்கே வைப்பது? "காசல்ரீ வீட்டுக்குப் பக்கத்தில்தானே" என்றான் மகன். அது மின்சாரத்துக்கான நீர்த்தேக்கம். அனுமதி கேட்காமல் யாரும் இறங்கக் கூடாது. நீர்மட்டம் ஏறி இறங்கும். போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாதம் மரக்கட்டை நிற்கும். நீரில் இறங்கும் விமானமும் வந்துபோகும் இடம். பின்னேரம் மூடுபனி விழுந்தால் எதிர்க்கரை தெரியாது. தண்ணீரின் குளிரில் நன்றாக நீந்துகிறவனுக்கே மூச்சுத் திணறும். முதல் பாடம் படிக்க ஏற்ற இடம் அதுவல்ல. ஆகவே படகு கிண்ணியாவில், தம்பலகாமக் குடாவின் ஆழமில்லாத கரையில் நிற்கிறது. நாங்கள் பாடசாலை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மட்டும்தான் ஓட்டம். காலையில் மட்டும். கச்சான் எழும்புமுன் கரைக்கு வர வேண்டும். கிண்ணியாப் பாலத்துப் பக்கம் போகக் கூடாது, அங்கே நீரோட்டம் இழுக்கும்.

ஒழுங்கையும் முன்கூட்டியே வகுத்தோம். முதல் விடுமுறையில் நீச்சல் மட்டும். உடுப்போடு விழுந்து ஐந்து நிமிடம் மிதக்கப் பழகும்வரை படகே இல்லை. இரண்டாம் விடுமுறையில் துடுப்பு மட்டும். கை கொப்பளித்தது, அழுதான், விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாம் விடுமுறையில்தான் இஞ்சின், அதுவும் பெரியவர் ஒருவர் கூட இருந்தால். உலகம் முழுக்கப் பிள்ளைகள் படகு பழகுவது இப்படிச் சிறியதில்தான். 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காக வரைந்த ஒப்டிமிஸ்ட் பாய்ப்படகு வெறும் 2.3 மீற்றர் நீளம். பதினைந்து வயதுவரை அதில்தான் போட்டியே நடக்கிறது.

மூத்தவாப்பாவின் பதினெட்டடிப் படகை நாங்கள் வேண்டாம் என்று சொன்னது அவருக்கு வருத்தம்தான். தன் உழைப்பையே வேண்டாம் என்றதாக எடுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் ஆறுதலாக இருந்து கதைத்தோம். "படகை விடப் பெரியது நீங்கள் படித்த பாடம். அதை அவனுக்குக் கொடுங்கள்" என்று கேட்டோம். இப்போது துடுப்பும் காற்றும் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். பெரிய படகில் மகன் அணியத்தில் இருந்து கயிறு பிடிக்கிறான், இஞ்சின் பக்கம் போவதில்லை. "பதினாறு வயசாகட்டும்" என்று மூத்தவாப்பாவே சொல்லிவிட்டார்.

எல்லோர் வீட்டுக்கும் படகு வரப்போவதில்லை, எங்களுக்கும் தெரியும். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோர் வீட்டுக்குப் பக்கத்திலும் தண்ணீர் இருக்கிறது. குளிக்கப் போவார்கள், மீன் பிடிக்கப் போவார்கள், பந்து விழுந்தால் எடுக்க இறங்குவார்கள். பெற்றோர்களே, பிள்ளைக்கு ஃபோன் வாங்கிக் கொடுக்குமுன் நீச்சல் கற்றுக் கொடுங்கள். மகன்களுக்கு மட்டுமல்ல, மகள்களுக்கும். சக ஆசிரியர்களே, விளையாட்டுப் பாடத்தில் இதைப் பற்றி ஒரு பாடவேளையாவது பேசுங்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் யாராவது இருந்தால் எங்களுக்கு அறியத்தாருங்கள். பிள்ளைகளைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

அல்லாஹ் எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.