உப்புக் காற்றும் துருவும்

நாம் உடன்குடிப் பகுதிக்கு மாற்றலாகி வந்த புதிதில் பங்கு இல்லத்தின் இரும்புக் கதவுக்குச் சாயம் பூசினோம். ஓராண்டு நிறைவதற்குள் கீல்களில் துரு தலைகாட்டியது. "கடக்காத்து, சாமி. இங்க இரும்புக்கு ஆயுசு கம்மி" என்றார், அருகில் நின்ற பெரியவர். ஒரு காலத்தில் நாளொன்றுக்குப் பல பனைகள் ஏறி இறங்கியவர். நீரிழிவினால் சிறுநீரகங்கள் பழுதுற்று, வாரம் மும்முறை தூத்துக்குடிக்குச் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அவரைக் காண மருத்துவமனைக்குச் சென்ற ஒருநாள், அங்கிருந்த இளம் மருத்துவரும் அதே துருவைப் பற்றியே பேசியது நமக்கு வியப்பளித்தது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனிலிருந்தே உடலினுள் சில நிலையற்ற மூலக்கூறுகள் தோன்றி, அண்டியவற்றையெல்லாம் அரிக்கின்றனவாம். நலமான உடல் அவற்றை அடக்கிவிடுகிறது. சுத்திகரிப்பிலோ நான்கு மணி நேரம் இரத்தம் அந்நியமான சவ்வின்மேல் ஓடுகிறது. வெள்ளணுக்கள் பகைவன் வந்துவிட்டதாக எண்ணி, அந்த அரிக்கும் பொருள்களைச் சொரிகின்றன. அவற்றைத் தடுக்கவல்ல வைட்டமின் சி, கழிவோடு கழிவாக வெளியேறிவிடுகிறது. பழங்களால் ஈடுசெய்யலாமென்றால், பொட்டாசியம் மிகுந்து இதயம் நின்றுவிடும் என்ற அச்சம். இரத்தசோகைக்கு ஏற்றப்படும் இரும்புச்சத்தும் அளவு மிஞ்சினால் அரிப்புக்குத் துணைபோகிறது. இதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். ஆண்டுக்கணக்கில் இது தொடர, இரத்தக் குழாய்கள் தடித்து இறுகுகின்றன. இந்நோயாளர்களின் உயிரை மிகுதியும் பறிப்பது இதயநோயே.

"அப்படின்னா வைட்டமின் மாத்திரை வாங்கிக் குடுத்தா என்ன?" என்றார் பெரியவரின் மனைவி. வைட்டமின் சி மிகுந்தால் ஆக்சலேட் என்னும் உப்பாக மாறி உடலில் படிந்துவிடும். வைட்டமின் ஈ பற்றி 2000-ஆம் ஆண்டில் இஸ்ரயேலில் நடந்த ஆய்வு, இதயநோயுள்ள சுத்திகரிப்பு நோயாளருக்கு மாரடைப்பு குறைந்ததைக் காட்டியது. இறப்பு குறைந்ததாகக் காட்டவில்லை. மருத்துவர் சொல்லாத மாத்திரை வேண்டாம் என்றோம்.

இந்த இயந்திரத்தின் வரலாறும் நம்மைச் சிந்திக்க வைத்தது. 1943-இல் நாசிப் படையினர் பிடித்திருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செல்லோஃபேன் குழாயை மரச்சட்ட உருளையில் சுற்றி முதல் கருவியை அமைத்தார். தொடக்கத்தில் வந்த நோயாளர் ஏறக்குறைய அனைவரும் மாண்டனர். 1945-இல் பிழைத்தெழுந்த மூதாட்டியோ, நாசிகளுக்குத் துணைபோனவர் என்று ஊரார் வெறுத்த ஒருவர். கோல்ஃப் அதைப் பார்க்கவில்லை.

கடந்த தவக்காலத்தில் நற்கருணை வழங்கி எழுந்தபோது, "இத நிறுத்திட்டா பாவமா, சாமி?" என்று பெரியவர் கேட்டார். "பாவந்தான். உயிர் கடவுளுடையது" என்று நாம் படபடவெனச் சொல்லிவிட்டோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் படித்ததை நாமே மறந்திருந்தோம். நோயாளருக்குத் தாங்கவொண்ணாச் சுமையாகும் அசாதாரண வழிமுறைகளைக் கையாளும் கடமை இல்லையென்று 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களிடம் தெளிவாகவே கூறியிருந்தார். சாவைத் தேடுவது வேறு. சுமையை இறக்கிவைப்பது வேறு. எது சுமை என்பதை, ஊசி குத்தப்படும் கைக்கு உரியவரன்றோ முதலில் சொல்லவேண்டும்?

மறுநாள் காலையிலேயே சென்று, அவசரப்பட்டுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம். முடிவு அவருடையது என்றும், எதுவாயினும் நாம் உடன் வருவோம் என்றும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பதனீர்க் காலம் முடியட்டும், சாமி. அப்புறம் பாப்போம்" என்றார்.

பதனீரும் அவருக்கு விலக்கப்பட்டதுதான். ஆயினும் சுத்திகரிப்பு இல்லாத நாள்களில், மகன் பதனீர் காய்ச்சும் ஓலைக்குடிலின் வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார். பாகு பதத்திற்கு வந்துவிட்டதை உள்ளிருப்பவர்களுக்கு முன்பே வாசனையால் கண்டு குரல் கொடுக்கிறார்.