கேள்விக்குறியாகத் திரும்பி வந்த பேட்டிகள்

ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் வயசானவங்களோடு பேசி நாங்கள் எழுதிய 11 பேட்டிகளும் எங்கள் பழைய இணையத்தளத்தில் இருந்தன. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த பூட்டன் பூட்டி கதைகள், பெரட்டுக்களம், லயத்துக் கல்யாணம் எல்லாம். 2022இல் டொலர் விலை ஏறியபோது தளத்தை வைத்திருந்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. போகும்போது தரவுத்தளத்தை ஒரே கோப்பாக அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி.

இது ஏன் நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லணும். வேர்ட்பிரஸ் மாதிரியான தளங்களில் நாம் எழுதுவது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்குள் போய் உட்காரும். அதை வெளியே எடுக்கும்போது எழுத்துமுறை லத்தீன்-1 என்று இருந்தால், அந்தப் பட்டியலில் தமிழுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி விழும். 'பெரட்டு' என்பதில் 'பெ'க்கு மட்டும் இரண்டு. எழுத்து கன்னாபின்னாவென்று தெரிந்தால்கூடப் பல நேரம் மீட்கலாம். கேள்விக்குறியாகிவிட்டால் எந்தக் கெட்டிக்காரனாலும் முடியாது.

மாத்தளை டவுனிலிருந்து ஏ9 வீதியில் கொஞ்சம் வடக்கே போனால் அலுவிகாரை. வாய்மொழியாகவே வந்த பாளி திரிபிடகத்தை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோது பிக்குகள் ஓலையில் எழுதி வைத்த இடம் என்று சொல்லப்படுவது. எழுதியதைப் பார்க்க ஓலை ஒன்று கையில் இருந்தால் போதும். எங்கள் பேட்டிகளைப் பார்க்க மட்டும் ஒரு சர்வரே வேண்டியிருந்தது.

புதுத் தளத்தைத் தரவுத்தளமே இல்லாமல் செய்திருக்கிறோம். ஜெர்மனியில் பஸ்டியன் அல்கையர் தொடங்கிய கிர்பி. இதில் ஒரு பக்கம் என்றால் ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரு டெக்ஸ்ட் கோப்பு, படம், ஒலிப்பதிவு. கோப்புக்குள்ளே விவரத்தின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பிறகு நாம் எழுதியது. அடுத்த விவரத்துக்கு முன் நான்கு சிறுகோடு. அவ்வளவுதான். நோட்பேடில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கு. கிர்பியே நாளைக்கு இல்லாமல் போனாலும் வாசிக்கலாம்.

ரெடிமேட் அலங்காரம் தேடுபவர்களுக்கு இது சரிவராது. பக்கம் எப்படித் தெரியணும் என்பதை எச்டிஎம்எல்லும் பிஎச்பியும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதணும். எங்களில் ஒருத்தன் இரண்டு வாரம் தூங்கவில்லை. ஆனால் யாமலில் ஒரு புளூபிரின்ட் எழுதிவிட்டால் எழுதும் படிவம் நாம் கேட்டபடி வரும். பேசியவர் பெயர், தோட்டம், டிவிசன், பெயரைப் போடச் சம்மதமா இல்லையா. கோடிங் வாசனையே இல்லாத தோழிகள் போனிலேயே நிரப்புறாங்க. 'சம்மதமா' என்ற அந்தக் கட்டம் எங்களுக்கு மிக முக்கியம். எந்த ரெடிமேட் தளமும் அதை எங்களிடம் கேட்டதில்லை.

கிர்பிக்குக் காசு கட்டணும், எல்லாரும் கைக்காசு போட்டோம். முடியாதவர்கள் கிராவ் பக்கம் போகலாம். அதுவும் கோப்புகளில்தான் ஓடுது, எம்ஐடி உரிமத்தில் இலவசம். நூலகம் போன்ற பெரிய ஆவணக் களஞ்சியம் கட்டுகிறவர்களுக்குத் தரவுத்தளம் வேணும்தான். எங்களுக்கு இருப்பது சில டசின் பக்கம். முழுத் தளமும் ஒரு பென்டிரைவில் அடங்குது. ஐந்து பேர் வீட்டில் ஐந்து பிரதி.

11 பேட்டிகளில் ஒன்பதை ஒலிப்பதிவைக் கேட்டு மறுபடி எழுதிவிட்டோம். மற்ற இரண்டு பாட்டிமார் "குரல வேணாம் தம்பி, எழுதிக்கோங்க" என்று சொன்னவர்கள். இப்போது ரெண்டு பேருமே இல்லை. அவர்களுக்கும் ஃபோல்டர் திறந்து, வரைவாக வைத்திருக்கிறோம். கோப்பில் பெயர் இருக்கு, தோட்டம் இருக்கு. அதற்குக் கீழே நான்கு சிறுகோடு.