ஒரு மனு எழுதினேன்

கதை எழுதுகிறவனிடம் ஊரார் கேட்கும் உதவிகள் மூன்று வகை. கல்யாணப் பத்திரிகைக்கு நாலு வரி வேண்டும். திருவிழா நோட்டீசுக்கு அடுக்குமொழி வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் யாருக்காவது மனு எழுத வேண்டும். முதல் இரண்டையும் எப்படியோ தட்டிக் கழித்துவிடுவேன். மனு என்றால் மட்டும் எனக்குள் ஒரு சந்தோஷம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனிடம், "உங்களுக்குத்தான் சார் எழுத வரும்" என்று ஒருவர் வந்து நிற்பது சின்ன விஷயமா? அந்தச் சந்தோஷம் புதூர்நாட்டில் ஒரு மனிதருடைய பென்ஷனை ஏறக்குறையக் கெடுத்துவிட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

புதூர்நாடு ஜவ்வாது மலைமேல் இருக்கிறது. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். மலையாளிகள் என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். கேரளத்தவர் அல்லர், மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். சாமையும் பலாவும் புளியும் தேனும் அவர்களுடைய செல்வம். ஒரு நாவலை முடித்துவிடுவது என்று சங்கல்பம் செய்துகொண்டு, மார்கழியில் அங்கே ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கினேன். நாவல் முடியவில்லை. பக்கத்து வீட்டு மிலிட்டரிக்காரர்தான் பழக்கமானார்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு இருக்கும். 1990இல் சிப்பாயாகச் சேர்ந்து, பதினேழு வருஷம் காலாட்படையில் இருந்துவிட்டு 2007இல் ஊர் திரும்பியவர். காலையில் கிணற்றடிக்குப் போகும்போது சற்றுச் சாய்ந்து சாய்ந்து நடப்பார். யாராவது எதிரே வந்துவிட்டால் போதும், நிமிர்ந்துகொள்வார். அந்த ஐந்தாறு அடியை அவர் நேராக நடப்பதைப் பார்க்க எனக்கே முழங்கால் வலிக்கும்.

"கால்ல என்னண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். சிக்கிம்ல ஒரு தடவை விழுந்தேன்."

மீதியை அவர் மனைவிதான் சொன்னாள். 1998 பனிக்காலம். மலை உச்சியில் இருந்த காவல் நிலைக்கு ரேஷன் மூட்டை தூக்கிக்கொண்டு போகையில், உறைந்த பாறையில் சறுக்கி வலது முழங்கால் மடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சில வாரம். பிறகு இலேசான வேலை. கடைசியில் ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த போர்டின் காகிதத்தை வாங்கிப் படித்தேன். முழங்கால் மூட்டுத் தேய்மானம், ஊனம் நூற்றுக்கு முப்பது, ஆயுள் முழுவதும். அதற்கு அடுத்த கட்டத்தில் ஒரு வாக்கியம்: இந்த நோய் படைப்பணியால் உண்டானதும் அல்ல, படைப்பணியால் அதிகமானதும் அல்ல. அந்த ஒரு வாக்கியத்தால் அவருடைய ஊன பென்ஷன் போயிற்று. பதினைந்து வருஷத்துக்கு மேல் சேவை செய்த சிப்பாய்க்கு உரிய சாதாரண பென்ஷன் வந்துகொண்டிருந்தது. ஊனத்துக்கு என்று கூடுதலாகக் கிடைக்க வேண்டிய பகுதி வரவில்லை.

"அப்பவே அப்பீல் பண்ணியிருக்கலாமே?"

"அது என்னான்னே தெரியல சார். கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்."

வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனவர்கள். ராணுவப்பேட்டை என்றே அதைச் சொல்வார்கள். அங்கே என்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு பழைய ஹவில்தார், "அடேய், ஆறு மாசத்துக்குள்ள அப்பீல் போடு" என்று சொல்லியிருப்பார். மலைமேல் தனியாக இருந்த இவருக்கு யார் சொல்வது?

நான் சொல்கிறேன், நான் எழுதுகிறேன் என்று கிளம்பினேன். நாவலை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு இரவு உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன். என்ன சொன்னாலும் அது நல்ல எழுத்துத்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷின் அலங்காரம் முழுவதும் அதில் இருந்தது. தமிழில் சொன்னால் நடுவே ஒரு வாக்கியம் இப்படி வரும்: "பிள்ளைப் பிராயம் முதல் சாமை மூட்டை சுமந்து, இந்த மலையில் ஏறி இறங்கித் தேய்ந்த கால்கள், தாய்நாட்டின் பனிமலையில் மேலும் தேய்ந்தன." எழுதியபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

அனுப்புவதற்கு முன் யாராவது விவரம் தெரிந்தவரிடம் காட்டலாம் என்று இருவரும் திருப்பத்தூருக்கு பஸ் ஏறினோம். படைவீரர்களுக்கு வழி சொல்ல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று அரசாங்கத்தில் ஒன்று இருக்கிறது. நாங்கள் போனது அங்கே அல்ல; ஒரு நண்பர் சொன்ன பேரில், பட்டாளத்தில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதாரின் வீட்டுக்கு. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறு பக்கத்தையும் படித்தார். நான் பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பென்சிலால் அந்த வாக்கியத்தின் அடியில் கோடு போட்டார். "இதை எழுதினது நீங்களா?"

"ஆமாம் சார்."

"எதிர்க்கட்சி வக்கீலுக்கு நீங்க ஃபீஸ் கேட்டிருக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. அவர் மிலிட்டரிக்காரரைப் பார்த்துத் திரும்பினார்.

"சின்ன வயசுல மூட்டை தூக்கினியா?"

"தூக்குவேன் சார். எல்லாரும் தூக்கறதுதானே."

"அப்போ கால் வலிச்சுதா?"

"இல்ல சார்."

"ஆள் எடுக்கிற அன்னைக்கு ஓட்டத்துல எத்தனையாவதா வந்தே?"

அவர் முகம் சற்று மலர்ந்தது. "மூணாவது சார்."

சுபேதார் என் பக்கம் திரும்பினார். "பின்னே, தேய்ஞ்ச காலுன்னு யாருங்க சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நான்தான் கற்பனை செய்தேன். வாக்கியத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று, மூன்றாவதாக ஓடி வந்த ஒரு பையனின் காலைத் தேய்த்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் சொன்ன விஷயங்களைக் கேட்டபோதுதான் நான் செய்யவிருந்த காரியத்தின் பயங்கரம் விளங்கிற்று. 2007இல் ஓய்வு பெற்ற இவருக்குச் செல்லுகிறவை 1982ஆம் வருஷத்து விதிகள். 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகள் அதற்குப் பின் ஓய்வு பெறுகிறவர்களுக்கு. தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில் 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்தப் பழைய விதிகளுக்கு ஒரு தெளிவு சொல்லிவிட்டது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாமல் ஒருவனை எடுத்துக்கொண்டிருந்தால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும்; இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சர்க்காருடையது; போர்டு அப்படிச் சொன்னால் காரணத்தை எழுத வேண்டும். அதாவது, 1990இல் டாக்டர் அவர் பெயருக்கு எதிரே 'தகுதி' என்று எழுதிய ஒரு சொல்தான் இவருடைய சொத்து. அந்தச் சொத்தை என் அலங்காரம் அழிக்கப் பார்த்தது. சேரும் முன்பே தேய்ந்த கால் என்று மனுதாரரே ஒப்புக்கொண்ட பிறகு வேறு என்ன வேண்டும்?

கணக்கையும் சுபேதார் போட்டுக் காட்டினார். ஊனம் நூற்றுக்கு இருபதாவது இருந்தால்தான் இந்த பென்ஷன் உண்டு. ஐம்பதுக்குக் குறைந்தவற்றை ஐம்பதாகவே எடுத்துக்கொள்வது 1996 முதல் உள்ள ஏற்பாடு. அது பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் அல்ல, காலம் முடிந்து வந்தவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு முப்பது. ஐம்பதுக்கு அதில் பாதி. சாமைக் காடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது மாதாமாதம் வருவது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் காலதாமதத்துக்கும் விலை உண்டு. இத்தனை வருஷம் கழித்து ஜெயித்தாலும் பழைய பாக்கி பொதுவாக மூன்று வருஷத்துக்குத்தான். மிச்சம் மலைக்காற்றோடு போனது போனதுதான்.

"இப்போ என்ன எழுதறது?" என்று கேட்டேன்.

"ஒரு பக்கம் எழுதுங்க. எந்தத் தேதி, எந்த இடம், என்ன டியூட்டி, என்ன ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். அழுகை எல்லாம் வேணாம். தாமதத்துக்குக் காரணம் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதுங்க. இதுவும் தள்ளுபடி ஆனா, ஆயுதப் படைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கு. 2007இல் சட்டம் போட்டு 2009இல் நடக்க ஆரம்பிச்சது. அங்கே போகலாம். முதல்ல அந்த 1998 காகிதம் ஒண்ணு கிடைக்குதான்னு பாருங்க."

மலை ஏறித் திரும்பி வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஜவ்வாது மலை அடிவாரத்தில், செங்கம் வட்டாரத்தில் நிறைய நடுகற்கள் உண்டு. தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் திரட்டி ஒரு புத்தகமே போட்டிருக்கிறது. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், மாடுகளை மீட்டுப் பட்டான் என்று அந்தக் கல்லில் வெட்டியிருக்கும். தேதி, இடம், டியூட்டி, என்ன ஆச்சு. அழுகை இல்லை. சுபேதார் சொன்ன மாதிரிதான். என்ன, அந்தக் கல் செத்தவனுக்கு. காலை மட்டும் கொடுத்துவிட்டு உயிரோடு திரும்பியவனுக்கு ஊர் கல் நடுவதில்லை; அவனே காகிதம் தேடிக் கொடுக்க வேண்டும்.

காகிதம் கிடைத்தது. அவருக்கு அது இருப்பதே தெரியாது. அவர் மனைவி தகரப் பெட்டியின் அடியில் கையை விட்டு, கல்யாணப் புடவைக்குக் கீழேயிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். அதில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது கொடுத்த சீட்டு ஒன்று இருந்தது. ரேஷன் சுமந்து செல்லும் டியூட்டியில் வழுக்கி விழுந்தார் என்று பேனாவில் எழுதியிருந்தது. மை மங்கிவிட்டாலும் படிக்க முடிந்தது.

"இங்கிலீஷ்ல இருந்துது. எதுக்காவது ஆவும்னு வச்சேன்" என்றாள்.

அன்று இரவு ஒரு பக்கம் எழுதினேன். ஆறு பக்கத்தைவிட அது எனக்குக் கடினமாக இருந்தது.

நாலைந்து மாதம் கழித்து, மேல்முறையீட்டு மெடிக்கல் போர்டின் முன் வந்து நிற்கும்படி அவருக்குக் கடிதம் வந்தது. வழியனுப்ப நானும் புதூர்நாடு போனேன். விடியற்காலை பஸ். துவைத்த வெள்ளைச் சட்டை, கையில் காகிதப் பை. அவர் மனைவி என்னைத் தனியே அழைத்துக் கவலையோடு சொன்னாள்: "போன தடவை டாக்டருங்க முன்னால நிமிந்து நேரா நடந்து காட்டிட்டு வந்தாரு சார். கேட்டதுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னாராம். இந்தத் தடவையாவது கொஞ்சம் நொண்டச் சொல்லுங்க."

எனக்கும் சொல்லத் தோன்றிற்று. எப்படி நொண்ட வேண்டும், எங்கே நின்று மூச்சு வாங்க வேண்டும் என்றெல்லாம் ஒரு காட்சி என் மனத்தில் தயாராகிவிட்டது. நல்ல வேளையாக, பென்சில் கோடு போட்ட வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தது.

"அண்ணா, காலையில கிணத்தடிக்கு எப்படி நடப்பீங்களோ அப்படி நடங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பதினேழு வருஷம் 'டீக் ஹை சாப்' என்று மட்டுமே பதில் சொல்லப் பழகிய மனிதர். நான் கேட்டது அவருக்கு எவ்வளவு சிரமமான காரியம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பஸ் வந்து நின்றது. மனு இன்னும் முடிவாகவில்லை. என்ன ஆகும் என்று இதை எழுதும்போதும் தெரியாது. ஆனால் அன்று நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் கம்பியைப் பிடித்து இடது காலைப் படியில் வைத்தார். வலது முழங்காலைக் கையால் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சீக்கிரம் ஏறுங்க பெரியவரே" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

அவர் அவசரப்படவில்லை.