அந்த 3 நான் போட்டது

போன மாசம் நான் படிச்ச காலேஜ்ல இருந்து ஹெச்.ஓ.டி. சார் போன் பண்ணார். "என்.பி.ஏ. டீம் வருதுப்பா. பழைய மாணவர்கள் பத்து பேர் வேணும். ஷூ போட்டுட்டு வந்துரு." ஆபீஸ்ல ஆணி நிறைய இருந்தும் லீவு சொல்லிட்டு கிளம்பிட்டேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. என்.பி.ஏ.ன்னா தேசிய அங்கீகார வாரியம். 1994-ல ஏ.ஐ.சி.டி.இ. ஆரம்பிச்சது, 2010-ல தன்னாட்சி அமைப்பாச்சு. நாக் மாதிரி மொத்த காலேஜையும் எடை போடாது. மெக்கானிக்கல், ஐ.டி.ன்னு ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியா மதிப்பிடும்.

எங்க முறை வர்ற வரைக்கும் டிபார்ட்மெண்ட் ரூம்ல உக்காந்திருந்தேன். பீரோவுல போன தடவை அங்கீகாரம் வாங்கினப்ப தயாரிச்ச ஃபைல். அதுல என் பேட்ச்! எந்தத் திறன் எவ்வளவு வந்துச்சுன்னு 3-க்கு 2.1, 2.4ன்னு தசமத்துல மார்க். பெரும்பங்கு பரீட்சை மார்க்ல இருந்து, மிச்சம் கடைசி செமஸ்டர்ல நாங்க நிரப்பின சர்வேல இருந்து.

அந்த சர்வே எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஒரு கேள்வியைக் கூட படிக்காம எல்லாத்துக்கும் 3 போட்டுட்டு ஓடினேன். எம்-3ல பாதி கிளாஸ் அரியர் வச்சிருந்தோம்ங்கறது வேற விஷயம்.

சரியா அப்பதான் சித்தப்பா போன். "தம்பி, பாப்பாவுக்கு கவுன்சிலிங் வருது. உன் காலேஜ்ல என்.பி.ஏ. இருக்காமே, நம்பி போடலாமா?"

பதில் சொல்ல வாய் வரலைங்க. என் 3-ம் சேர்ந்துதானே அந்த அங்கீகாரம்!

யோசிச்சுப் பார்த்தா, அந்த ஃபைல் வர்ற டீமுக்காக மட்டுமே எழுதினது. அவங்களுக்கு வேண்டியது ஆதாரம். பாடம் எடுக்கற மேடத்துக்கு வேண்டியது, பசங்க எந்த யூனிட்ல கவுறாங்கங்கறது. வேலை குடுக்கற எங்க மேனேஜருக்கு, அடுத்தவன் எழுதின கோடை படிச்சு புரிஞ்சுக்குவானாங்கறது. சித்தப்பாவுக்கு, சுமாரா படிக்கற பொண்ணு அரியர் இல்லாம கரை சேருமாங்கறது. 2.4ங்கற நம்பரை வச்சுகிட்டு இவங்க மூணு பேரும் என்ன பண்ணுவாங்க?

இத்தனைக்கும் சித்தப்பாவோட பதில் அந்த ஃபைல்லயே இருக்கு. அரியர் இல்லாம 4 வருஷத்துல முடிச்சவங்க எத்தனை பேர்னு தனியா ஒரு கணக்கு அதுல கேட்டிருந்தாங்க. எந்த அட்மிஷன் நோட்டீஸ்லயும் அதை நான் பார்த்ததில்லை.

டீம் எங்ககிட்ட பேசினப்ப வாத்தியார்கள் யாரும் உள்ள இல்லை. எம்-3 கதையையும், லேப்ல புரோகிராம் எழுதினதை விட ரெக்கார்ட் நோட் எழுதினதுதான் அதிகம்ங்கறதையும் சொல்லிட்டேன். ஒருத்தர் குறிச்சுகிட்டார். பக்கத்துல இருந்தவன் கால மிதிச்சான்.

வெளிய வந்து ஹெச்.ஓ.டி. கிட்ட கேட்டேன். "சார், அந்த அரியர் கணக்கை மட்டும் ஒரு பக்கத்துல பெத்தவங்களுக்கு குடுக்கலாமே?"

"குடுக்கலாம்ப்பா. இது வரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

சித்தப்பாவுக்கு உடனே போன் போட்டேன். "அங்கீகாரம் இருக்கான்னு கேக்காதீங்க சித்தப்பா. அரியர் இல்லாம எத்தனை பேர் முடிச்சாங்கன்னு எழுத்துல கேளுங்க."

திங்கட்கிழமை போறேன்னு சொல்லியிருக்கார். என்ன பதில் வருமோ, எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.