மணிக்குள் ஒரு காந்தாரம்

கென்ட் (பெல்ஜியம்), சனிக்கிழமை

பெல்ஃப்ரி என்ற மணிக்கோபுரத்துக்குப் பக்கத்தில், திறந்தவெளியில் ஒரு பெரிய மணியை இறக்கி வைத்திருக்கிறார்கள். ஆறு டன்னுக்கு மேல் எடை. பீட்டர் எமோனி 1660-இல் வார்த்தது. 1914-இல் விரிசல் விட்டது. விரிசல் கண்ணுக்கே தெரிகிறது.

இதன் உலோகத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. தீப்பிடித்தாலும் படை வந்தாலும் ஊரைக் கூட்டுவதற்கு 'ரோலண்ட்' என்று பேர் வைத்த ஒரு மணி இங்கே இருந்தது. ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய மணி. 1659-இல் அதை உருக்கிவிட்டார்கள். அந்த உலோகத்திலிருந்துதான் பாட்டு வாசிக்கும் மணித்தொகுதிக்கு, கரில்லானுக்கு, புது மணிகள் வந்தன. சுருதி சேர்த்த மணிகள் இருபத்து மூன்றாவது இருந்தால்தான் அதற்குக் கரில்லான் என்று பேர். எமோனி செய்தது ஏறக்குறைய நாற்பது.

இன்றைக்கு யாராவது அந்த ரோலண்டை உருக்கலாம் என்று வாய் திறந்தால் மறியல்தான் நடக்கும். அன்றைக்கு நல்ல பாட்டு வேண்டும் என்று பழைய மணியைக் கொடுத்திருக்கிறார்கள். காலமெல்லாம் ஆர்மோனியம் பழுது பார்த்தவன் என்பதால் எனக்கு அந்த நகரசபைமேல் மரியாதை வருகிறது.

புரூஜ், திங்கள்

ரயிலில் அரைமணி. மகன் லீவு போட்டுக் கூட வந்தான். சந்தைச் சதுக்கத்துக் கோபுரம் 83 மீட்டர், 366 படி. மேலே போகப் போகச் சுழல்படி ஒடுங்கிக்கொண்டே போகிறது. எதிரே ஒரு தடித்த ஆள் இறங்கி வந்தால் யாராவது ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எதைப் பார்க்க வந்தேனோ அது பாதிக்கு மேலே ஓர் அறையில் இருந்தது. உருளை.

1748-இல் அந்தோன் த ஹோன்ட் செய்தது. ஒன்பது டன். தேர்ச்சக்கரத்தைவிட உயரமான உலோகப் பீப்பாய் ஒன்றைப் படுக்கவைத்த மாதிரி. உடம்பு முழுக்கச் சதுரத் துளைகள், 30,500. எந்தெந்தத் துளையில் முளை செருகுகிறோமோ அதுதான் பாட்டு. கால் மணிக்கு ஒருமுறை கடிகாரம் பூட்டை விடுவிக்கும். எடைக்கல்லின் இழுப்பில் உருளை சுற்றும். முளை ஒரு நெம்புகோலைத் தூக்கும். அதிலிருந்து மேலே போகும் கம்பி ஒரு சுத்தியலை இழுத்துப் பிடிக்கும். முளை கடந்த கணத்தில் சுத்தியல் மணியின் வெளிப்புறத்தில் விழும். முளை அடிப்பதில்லை, சுத்தியலை விடுவது மட்டும்தான் அதன் வேலை. ஒரு முறை விழுந்த சுத்தியலை மறுபடி தூக்க நேரம் பிடிக்கும் என்பதால் வேகமாகத் திரும்பி வரும் சுரத்துக்கு ஒரே மணிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுத்தியல் வேண்டும்.

தாளம் நுணுக்கமாக வேண்டுமானால்? துளைகளின் இடைவெளி மாறாதே. அதற்கு முளையிலேயே தந்திரம் செய்திருக்கிறார்கள். சிலவற்றின் தலை நடுவில் இருக்கிறது. சிலவற்றில் முன்னே தள்ளி, சிலவற்றில் பின்னே தள்ளி. ஒரே துளையில் வேறு முளையைப் போட்டால் சுரம் அரைக்கால் இடம் தள்ளி விழும். இந்த மாதிரிப் பெரிய உருளைகளில் பாட்டை மாற்றும்போது ஒருவர் உள்ளே புகுந்து உட்கார்ந்து நட்டை முடுக்க வேண்டும், வெளியே நிற்பவர் முளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல போட்டா அஞ்சு நிமிஷ வேலைப்பா" என்றான் மகன்.

"பல ஊர்ல அப்படித்தான்டா பண்ணிட்டாங்க. மின்சாரச் சுத்தியல், ஒரு பெட்டி, முடிஞ்சுது. இங்க பாட்டு வேணும்னா ஒருத்தன் முழங்கால் தேய உள்ளே உட்காரணும். அதனால கொஞ்சம் யோசிச்சுத்தான் பாட்டைத் தேர்ந்தெடுப்பான்."

அவன் சிரித்தான். ஒப்புக்கொண்ட சிரிப்பு இல்லை.

புரூஜ், புதன்

இன்று தனியாகவே வந்தேன். பதினோரு மணிக்குக் கையால் வாசித்தார்கள். அதற்கு உருளையோடு சம்பந்தமில்லை, தனி வழி. வாசிப்பவர் விரலால் தொடுவதில்லை. மரக்குச்சிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். கையைத் தளர்வாக மூடி அதன் ஓரத்தால் அழுத்துவார். பெரிய மணிகளுக்குக் காலடியில் மிதிகட்டை. குச்சியிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து மணியின் உள்ளே தொங்கும் நாக்கு. உருளை வெளியிலிருந்து அடிக்கிறது, மனிதன் உள்ளேயிருந்து.

கம்பி என்று சுலபமாக எழுதிவிட்டேன். புதுப்பிக்கும் வேலையில் பாதி அங்கேதான். மூட்டுகள் துருப்பிடித்து இறுகும், ஸ்பிரிங் தளரும். வெயிலுக்கும் குளிருக்கும் கம்பி நீண்டு சுருங்கும், ஒவ்வொரு முறையும் திருகி நேர் செய்ய வேண்டும். நாக்கு ஒரே இடத்தில் அடித்து அடித்து நுனி தட்டையாகிவிடும். அப்போது நாதம் தகரம் தட்டுவது போல் ஆகும். நாக்கைத் தேய்த்து உருட்டலாம், அல்லது மணியையே சற்றுத் திருப்பி மாட்டித் தேயாத இடத்தில் அடிபட வைக்கலாம். இதெல்லாம் மெக்கானிக் வேலை. செய்தது பிடிக்காவிட்டால் மறுபடி செய்யலாம்.

மணியின் சுருதி அப்படியல்ல. ஆர்மோனிய ரீடில் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். கை தவறினாலும் திரும்ப வழி இருக்கிறது. மணியில் உள்சுவரைக் கடைசலில் கடைய வேண்டும். கடைந்தால் சுருதி இறங்கும். ஏற்ற வேண்டுமானால் உதட்டை வெட்ட வேண்டும், வெட்டினால் வடிவமே கெடும். உலோகத்தை ஒட்டவைக்க முடியாது. ஆகவே கொஞ்சம் தடிப்பாக வார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து இறங்குவார்கள்.

ஒரு சுரத்தை மட்டும் சேர்த்தாலும் போதாது. மணிக்குள் ஒரே நேரத்தில் பல சுரங்கள் ஒலிக்கும்: கீழ் ஸ்தாயி ஷட்ஜம், ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஸ்தாயி ஷட்ஜம், இவற்றின் நடுவே சாதாரண காந்தாரம், அதாவது தாழ்ந்த காந்தாரம். எமோனி சகோதரர்கள் இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று பொருத்தினார்கள். குருடராக இருந்த யாகோப் வான் ஐக் என்ற இசைக்கலைஞர் காதால் சொல்ல, அவர்கள் கடைந்தார்கள். நெதர்லாந்தின் சுட்ஃபன் நகரத்துக்கு 1644-இல் செய்ததுதான் அப்படிச் சேர்த்த முதல் தொகுதி. 1680-இல் பீட்டர் இறந்தபிறகு அந்தக் கலை மெல்ல நழுவிப்போய், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் லஃப்பரோ ஊரின் டெய்லர் பட்டறையில் மறுபடி கைவந்தது. ஏறத்தாழ இருநூறு வருஷம்!

அந்தக் காந்தாரம்தான் என்னை விடவில்லை. வாசித்த பாட்டு சங்கராபரணச் சாயல், அதைவிட உயர்ந்த அந்தர காந்தாரத்தில் நிற்கிறது. அடியில் ஒலிக்கும் பெரிய மணியோ உள்ளுக்குள் சாதாரண காந்தாரத்தைப் பாடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் உரசின. கல்யாணப் பாட்டிலும் ஒரு பிரிவு கேட்பது இதனால்தான். 1985-இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஐஸ்பௌட்ஸ் பட்டறையும் சேர்ந்து கணினியில் வடிவம் தேடி, அந்தர காந்தாரம் பேசும் மணியையே வார்த்தார்கள். மணி பானைபோல் இடுப்பு பிதுங்கி இருக்கும். நல்ல வேலைதான். ஆனால் பழைய கோபுரங்களில் அதை ஏற்ற யாரும் அவசரப்படவில்லை. உரசலும் சேர்ந்ததுதான் மணி என்று காது பழகிவிட்டது.

கென்ட், பெரிய வியாழன்

வெளியே மழை, வீட்டிலேயே இருந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் இன்று மாலைப் பூசையில் வானவர் கீதத்தோடு மணி நின்றுவிடும். பாஸ்கா இரவு வரை மரக்கட்டையைத் தட்டித்தான் அழைப்பார்கள். இங்கேயும் அதே. மணிகள் ரோமாபுரிக்குப் பறந்துபோய்விட்டன, திரும்பி வரும்போது முட்டை கொண்டுவரும் என்று குழந்தைகளிடம் சொல்கிறார்கள். பேத்தி அதை நம்பி ஜன்னலிலேயே நிற்கிறாள். இந்த நாட்களில்தான் பல ஊர்களில் உருளையின் முளைகளைப் பிடுங்கிப் புதுப் பாட்டைச் செருகும் வழக்கம் இருந்தது.

இதை நினைக்கும்போதுதான் ஒரு விஷயம் தெளிந்தது. பழைய உருளையைப் புதுப்பிக்கும்போது 'பழைய பாட்டையும் அப்படியே மீட்க வேண்டும்' என்று அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. 30,500 துளை போட்டவன் ஒரே பாட்டுக்காகவா போட்டான்? பாட்டு மாறுவதற்காகவே செய்த யந்திரம் அது. மும்பையின் ராஜாபாய் கோபுரத்தில், 1878-இல் கட்டி முடித்தது, பதினாறு பாட்டுகள் இருந்தன, பிரிட்டிஷ் தேசிய கீதம் உட்பட. யாராவது அந்தப் பதினாறையும் திரும்ப ஒலிக்க வைத்தே தீர வேண்டும் என்று சொன்னால் நான் எதிர்க்கட்சி. 2016-இல் பாடகர் டேவிட் போவி இறந்த வாரம் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் டோம் கோபுரத்தில் அவர் பாட்டை மணியில் வாசித்தார்கள். எமோனி வார்த்த மணிகளில்! எமோனிக்கு அதில் ஆட்சேபம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது வேறொன்று.

கென்ட், புனித வெள்ளி

நேற்று நிறுத்திய இடத்திலிருந்து.

புரூஜில் தொங்கும் 47 மணிகளில் 26, 1741-ஆம் வருஷத் தீ விபத்துக்குப் பின் யோரிஸ் துமேரி வார்த்தவை. மீதி 21-ஐ 2010-இல் புதிதாக வார்த்து ஏற்றினார்கள். எந்தப் பழைய கோபுரத்திலும் முதலில் வீழ்வது சின்ன மணிகள்தான். சுவர் மெல்லியது, நிலக்கரிப் புகையின் கந்தக அமிலம் மழையோடு சேர்ந்து அரிக்கும். பெரிய மணிக்கு ஒரு மில்லிமீட்டர் போனால் பொருட்டில்லை, கையடக்க மணிக்கு அது சுருதியே போன மாதிரி. எனவே சின்னதை மாற்றுவதில் எனக்குச் சண்டை இல்லை. கழற்றியதை அருங்காட்சியகத்தில் வைத்தால் போதும்.

சண்டை வேறு. பழைய மணிகள் பலவும் மீன்டோன் என்ற பழைய சுருதிமுறையில் சேர்த்தவை. அதில் அந்தர காந்தாரம் சுத்தமாக நிற்கும். பதிலுக்குச் சில சுரங்களை ஆதாரமாக வைத்து வாசிக்கவே முடியாது. பியானோவின் சமச் சுருதியில் எதை வைத்தும் வாசிக்கலாம், ஆனால் காந்தாரம் எப்போதும் ஒரு மயிரிழை தூக்கலாக இருக்கும். ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் ஒதுக்கிவைத்ததற்கு இந்தத் தூக்கல் காந்தாரமும் ஒரு காரணம். 1971 வரை அந்த விலக்கு நீடித்தது. என் குருநாதரின் பிழைப்பைக் கெடுத்த விலக்கு. ஆனாலும் காது உள்ளவன் அதில் ஒரு நியாயத்தையும் கேட்பான்.

இருபதாம் நூற்றாண்டுப் புதுப்பித்தல்கள் சிலவற்றில், எல்லாப் பாட்டும் வாசிக்க வேண்டும் என்று, பழைய மணிகளைக் கடைசலில் ஏற்றிச் சமச் சுருதிக்குக் கடைந்தார்கள். அதுதான் பொறுக்கவில்லை. முளையைப் பிடுங்கினால் திரும்பச் செருகலாம். கம்பி போனால் புதுக் கம்பி. கடைந்த பித்தளைத் தூளைக் கூட்டி அள்ளிய பிறகு என்ன செய்ய? (வெண்கலத் தூள் என்று எழுத வேண்டும், செம்பு நாலு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. பட்டறைப் பேச்சு வாயில் வந்துவிட்டது.)

லூவன், திங்கள்

ஈஸ்டர் விடுமுறை. எல்லோருமாகப் போனோம். ஊரைத் தாண்டி பார்க் மடம், குளங்களும் வாத்துகளும். இங்கே 1730-இல் செய்த மணித்தொகுதி, பிற்பாடு லூவன் நகரத்துப் புனித பேதுரு கோயிலுக்குப் போனது. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை ஊரைக் கொளுத்தியபோது கோயிலோடு அதுவும் எரிந்தது. அதே தீயில் பல்கலைக்கழக நூலகமும் போனது. ஒலிப்பதிவு இல்லை, மணியும் இல்லை. எரிந்த அந்தத் தொகுதியை மறுபடி உண்டாக்கி 2018 நவம்பர் 11 அன்று இங்கே ஒலிக்கவிட்டார்கள், 40 மணிகள். ஜெர்மனியின் நொய்ஸ் நகரமும் இதில் கைகொடுத்தது.

"அப்ப இது பழசா, புதுசாப்பா?" என்றான் மகன்.

"உலோகம் புதுசு. சுருதிமுறை பழசு."

ரோலண்டை உருக்கியவர்களை ஒப்புக்கொண்டவன் இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் பேதுரு கோயில் மணியைத் திருப்பித் தந்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். அது எரிந்தது எரிந்ததுதான். இது வேறு மணி, நன்றாகச் சேர்த்த மணி.

ஊருக்குப் போனதும் கடையில் மூலையில் கிடக்கும் பழைய பெட்டி ஒன்றை எடுத்து, காந்தார ரீடை அடியில் மெல்லச் சுரண்டிச் சுத்தமான அந்தர காந்தாரத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கட்டையில் மட்டும் வாசிக்கிறவருக்கு அது போதும். பிடிக்காவிட்டால் நுனியில் சுரண்டி ஏற்றித் தந்துவிடலாம்.