குதிரைக்குள் ஒரு மாணவன்

டிசம்பர் மாத மாலை நேரம். நிபோங் திபாலிலிருந்து புறப்பட்ட பேருந்து பினாங்குப் பாலத்தில் சென்றுகொண்டிருந்தது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தை அம்மாணவன் பலமுறை கடந்திருக்கிறான். ஆனால், மடியில் தலைப்பாகையையும் காலடியில் குதிரைத் தலையையும் வைத்துக்கொண்டு கடப்பது இதுவே முதல் முறை. ஜார்ஜ் டவுன் சிங்கே ஊர்வலத்தில் பொய்க்கால் குதிரை ஆட அவன் தன்னார்வலனாகப் பெயர் கொடுத்திருந்தான்.

‘சிங்கே’ என்னும் ஹொக்கியன் சொல் வேடமிட்டு ஆடும் கலையைக் குறிக்கும். சீனத் தெய்வங்களின் விழாக்களோடு தொடங்கிய இவ்வூர்வலத்தில் இன்று பல இனத்தவரும் பங்கேற்கின்றனர். சுமார் 30 அடி உயர மூங்கில் கம்பத்தில் கட்டிய பெருங்கொடியை நெற்றியிலும் தோளிலும் நிறுத்திக் காட்டுவதே பினாங்குச் சிங்கேயின் தனிச்சிறப்பு.

பொய்க்கால் குதிரை, தஞ்சைப் பகுதியில் புகழ்பெற்ற ஆட்டம். மரக்கால் கட்டி ஆடும் வழக்கமோ அதனினும் பழையது. மாதவி ஆடிய 11 வகை ஆடல்களுள் ‘மரக்கால்’ ஒன்று எனச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

படிக்க எளிதாகத் தோன்றிய அந்தக் கலை, பழகும்போது எளிதாக இல்லை. குதிரைக்கூட்டை வார்களால் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். கைகள் கடிவாளத்தைப் பிடித்திருக்கும். தடுமாறினால் ஊன்றிக்கொள்ளக் கை இருக்காது. முதல் வாரத்திலேயே அவன் மூன்று முறை விழுந்தான். வகுப்புத் தோழர்கள், “குதிரை நொண்டுகிறதே!” என்று சிரித்தார்கள். “காசும் கிடையாது, காலும் வலிக்கிறது. நான் விலகிக்கொள்கிறேன், அம்மா,” என்றான் ஒருநாள். அம்மா முழங்காலுக்கு மருந்து தடவியபடியே, “ராஜா இல்லாமல் ராணி மட்டும் எப்படி ஆடுவாள்? அந்தப் பிள்ளையிடம் நீயே போய்ச் சொல்லிவிட்டு வா,” என்றார். அவன் போகவில்லை. மறுநாள் பயிற்சிக்குத்தான் போனான்.

ஊர்வலம் தொடங்கியது. தவில் முழங்க, நாதசுவரம் ஒலிக்க, ராஜாவும் ராணியும் துள்ளி ஆடினர். பாதி வழியில் அவனுடைய இடது தோள் வார் தளர்ந்தது. குதிரை ஒரு பக்கமாகச் சரிந்தது. கடிவாளத்தை விட்டால் ஆட்டம் கெடும். விடாவிட்டால் விழ நேரிடும். ஆட்டத்தை நிறுத்தாமலே அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். அடுத்த குழுவைச் சேர்ந்த சீன இளைஞர் ஒருவர் ஓடி வந்து, வாரை இழுத்து இறுக முடிச்சிட்டார். ஒரு சொல்லும் பேசாமல் தம் குழுவுக்குத் திரும்பினார்.

அப்போதுதான் அவன் அக்குழுவைக் கவனித்தான். கம்பத்தைத் தாங்கியவர் ஒருவரே. அவரைச் சுற்றி நால்வர் அண்ணாந்து பார்த்தபடி நின்றனர். அவர்கள் கம்பத்தைத் தொடவில்லை. ஆனால், அது சாய்ந்தால் பிடிக்க எட்டுக் கைகளும் காத்திருந்தன. பார்வையாளர் எவரும் அந்த நால்வரைப் பார்த்துக் கைதட்டவில்லை.

சாலையோரத்தில் முதியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். “சின்ன வயசுல எங்க தோட்டத்துத் திருவிழாவுல பார்த்தது, தம்பி! நல்லா ஆடு!” என்று உரக்கச் சொன்னார். தோட்டத்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, அங்கு ஆடப்பட்ட கலைகள் பலவும் மேடை இழந்தன. அந்த முதியவரின் குரல் அவன் காதில் நெடுநேரம் ஒலித்தது. வலித்த கால்கள் அதன்பின் ஒரு முறையும் தடுமாறவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மண்டபத்தில் முதலாம் படிவ மாணவன் ஒருவன் முதன்முறையாக மரக்கால் கட்டி நின்றான். “அண்ணா, என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்!” என்றான் பயத்தோடு.

“நீ நட, தம்பி. நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.”

அவன் தம்பியைத் தொடவில்லை. இரு கைகளையும் விரித்தபடி, ஒவ்வோர் அடிக்கும் அவனோடு சேர்ந்து நடந்தான்.