ராஜாக்கள் இருந்த கோட்டை!

'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு' - வேலூரைப் பத்தி இப்படி ஒரு நக்கல் உண்டு. பாலாறு மேட்டர்ல... நோ கமென்ட்ஸ். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-லயே சாமி வந்தாச்சு. ஆனா, 'ராஜா இல்லாத கோட்டை'ங்கிறது சுத்தப் பொய். இருந்தாங்க பாஸ்... கைதியா!

பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்தா அகழி. அதுக்குப் பின்னால 16-ம் நூற்றாண்டு கருங்கல் கோட்டை, 133 ஏக்கர். உள்ளே ஹைதர் மகால், திப்பு மகால், பேகம் மகால், கண்டி மகால்னு வரிசையா பேருங்க. மைசூர் அரண்மனை ரேஞ்சுக்கு கற்பனை பண்ணிட்டுப் போன எனக்கு செம பல்பு. தங்க முலாம், கண்ணாடி வேலைப்பாடுனு ஒண்ணும் கிடையாது.

காரணம் இருக்கு. ஹைதர் அலி 1780-லேர்ந்து முற்றுகை போட்டும் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடியலை. 1799-ல திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துல சண்டை போட்டு செத்ததும், அதே குடும்பத்தைக் கொண்டுவந்து இங்கேயே அடைச்சாங்க ஆங்கிலேயர்கள். எதிரி உள்ளே வராம இருக்கக் கட்டின ரெட்டைச் சுவரும் அகழியும், உள்ளே இருக்கறவங்க வெளியே போகாம இருக்க உதவுச்சு. மகால்னு பேரு வெச்ச ஜெயில்!

அந்த ஜெயிலுக்குள்ள ஒரு கல்யாணம். 1806 ஜூலை 9, திப்புவோட மகளுக்கு. மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே சிப்பாய்ங்க துப்பாக்கியைத் தூக்கிட்டாங்க. நெத்தியில குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வெச்ச புதுத் தலைப்பாகை போடணும்னு ராணுவம் போட்ட உத்தரவுதான் கோபம். (தோல் ஊரான ஆம்பூர்லேர்ந்து போனவன் நான். தோலுக்காக இப்படி ஒரு சண்டையானு யோசிச்சுட்டே நின்னேன்.) கோட்டையில மைசூர் கொடி ஏறுச்சு. ஆனா, அன்னிக்கே ஆற்காட்டுலேர்ந்து வந்த குதிரைப்படை எல்லாத்தையும் முடிச்சுடுச்சு. சிப்பாய்ங்க நூத்துக்கணக்குல செத்தாங்க. திப்பு குடும்பத்தை கல்கத்தாவுக்கு மாத்திட்டாங்க.

ஜெயில் காலியா இருக்கலாமா? 1816-ல கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனைக் கொண்டுவந்தாங்க. 1832-ல சாகற வரைக்கும், 16 வருஷம். பாலாத்துப் பக்கம் முத்து மண்டபத்துல அவர் சமாதி இருக்கு.

கோட்டைக்குள்ள இருக்கிற அரசு அருங்காட்சியகத்துல அவர் வெச்சிருந்த தந்தச் சதுரங்கப் பலகையைப் பார்க்கலாம். அது முன்னாடி எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. ஆம்பூர் பஸ் போயிடுச்சு.